ஹிரோகாவா: வெளியூர்ச் சம்பாத்தியம் காத்த ஒரு கடலோர ஊர்

ஜப்பான் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் புல்லட் ரயிலையும் ஃபியூஜி மலையையும் சொல்வார்கள். மூத்தவர்கள் ஹிரோஷிமாவைச் சொல்வார்கள். ஹிரோகாவா என்ற பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மக்கள்தொகை ஏழாயிரத்துக்கும் குறைவு. வெளிநாட்டுப் பயணிகள் கூட்டமாகத் தேடிப் போகும் கோட்டையோ கோயிலோ அங்கே இல்லை. ஆனால் ஐக்கிய நாடுகள் சபை ஆண்டுதோறும் நவம்பர் 5-ஆம் நாளை உலக சுனாமி விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிப்பதற்கு, இந்த ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் காரணம்.

அலுவலக வேலையாக ஒசாகா நகரில் சில வாரங்கள் தங்க நேர்ந்தபோது, ஒரு விடுமுறை நாளில் அங்கே போய்வந்தேன். பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு இந்த ஊரின் வரலாற்றில் தனியாக ஒரு செய்தி இருக்கிறது என்பது என் எண்ணம்.

நிலமும் கடலும்

ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் தென்பகுதியில், பசிபிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பது கீ தீபகற்பம். அதன் மேற்குக் கரையில், வாகயாமா மாகாணத்தில் இருக்கிறது ஹிரோகாவா. ஒசாகாவின் தென்னோஜி நிலையத்தில் 'குரோஷியோ' என்னும் விரைவு ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் யுவாசா என்ற பக்கத்து ஊரில் இறங்கலாம். அங்கிருந்து ஹிரோகாவாவுக்கு நடந்தே போய்விடலாம்.

ஊரின் பரப்பு சுமார் 65 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மலை. மலையிலிருந்து இறங்கி வரும் ஹிரோ ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சிறிது சமநிலம் உண்டு. பழைய ஹிரோ கிராமம் அந்தத் தாழ்வான சமநிலத்தில்தான் அமைந்தது. 1955-இல் ஹிரோவும் அண்டையிலிருந்த இரண்டு கிராமங்களும் இணைந்து இன்றைய ஹிரோகாவா உருவாயிற்று.

ஊருக்கு எதிரே இருக்கும் வளைகுடா மேற்கு நோக்கித் திறந்திருக்கிறது. கடல் பக்கம் அகலமாகவும் கரைப் பக்கம் குறுகலாகவும் உள்ள அமைப்பு அது. மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். அகன்ற வாயில் நுழையும் நீர் குறுகிய அடிப்பகுதிக்கு வரும்போது எப்படி உயர்ந்து பாயுமோ, அப்படியே இந்த வளைகுடாவில் நுழையும் சுனாமி அலையும் கரையை நெருங்க நெருங்க உயரும்.

அலை ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானின் தெற்கே கடலடியில் 'நன்கை' என்ற நீண்ட பள்ளம் இருக்கிறது. அங்கே பிலிப்பைன் கடல் தட்டு, ஜப்பானைத் தாங்கும் தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டிருக்கிறது. நுழையும்போது மேல் தட்டின் விளிம்பையும் உடன் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பைத் தாங்க முடியாத ஒரு நாளில் மேல் தட்டு விடுபட்டு எழும்புகிறது. நிலம் அதிர்கிறது, அதன் மேலிருக்கும் கடல் நீர் மொத்தமாகத் தூக்கப்பட்டு அலையாகக் கரையை நோக்கி ஓடிவருகிறது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நடந்துவந்திருக்கிறது. 1707, 1854, 1946 ஆகிய மூன்றும் கடைசி மூன்று பெரிய நிலநடுக்கங்கள். மூன்றிலும் ஹிரோவுக்குள் கடல் வந்தது.

பிழைக்கப் போனவர்கள்

விளைநிலம் குறைவு, கடலோ சில தலைமுறைக்கு ஒருமுறை ஊரை அழிக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர்கள் என்ன செய்வார்கள்? வெளியே போவார்கள். ஹிரோக்காரர்களும் போனார்கள். இந்தப் பகுதி மீனவர்கள் வலை வீசுவதில் தேர்ந்தவர்கள். மத்தி மீனைத் தேடிக் கிழக்கே, இன்றைய டோக்கியோவையும் தாண்டியுள்ள கடற்கரை வரை சென்று தொழில் செய்தார்கள். மீனவர்களுக்குப் பின்னே வணிகர்களும் போனார்கள்.

அவர்கள் கொண்டுபோன இன்னொரு தொழில் சோயா சாஸ் காய்ச்சுவது. பக்கத்து ஊரான யுவாசாதான் ஜப்பானியச் சோயா சாஸின் பிறப்பிடம் என்பது அந்நாட்டில் வழங்கும் வரலாறு. 13-ஆம் நூற்றாண்டில் சீனா சென்று திரும்பிய ககுஷின் என்ற புத்தத் துறவி, காய்கறிகளையும் தானியங்களையும் உப்பிட்டுப் புளிக்கவைக்கும் ஒரு பக்குவத்தைக் கொண்டுவந்தார். அந்தத் தொட்டியில் ஊறி நின்ற நீரைச் சமையலில் சேர்த்துப் பார்த்தபோது சுவையாக இருந்ததாம். அதிலிருந்து வளர்ந்ததே சோயா சாஸ். யுவாசாவின் பழைய தெருக்களில் நடந்தபோது இப்போதும் அந்த வாசனை வந்தது.

1645-ஆம் ஆண்டு ஹிரோவைச் சேர்ந்த ஹமகுச்சி கிஹெய் என்பவர், ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கிழக்குக் கடற்கரையிலுள்ள சோஷி என்ற துறைமுகத்தில் சோயா சாஸ் தொழிலைத் தொடங்கினார். அங்கிருந்து தோனே ஆற்று வழியாகப் படகில் சரக்கை ஏற்றினால் எடோ நகரச் சந்தைக்கு அனுப்பலாம். எடோ என்பதுதான் இன்றைய டோக்கியோ. அன்று தொடங்கிய அந்த நிறுவனம் 'யமாசா' என்ற பெயரில் இன்றும் சோஷியில் இயங்குகிறது.

தொழில் சோஷியில், வீடும் உறவும் ஹிரோவில். குடும்பத் தலைவர்கள் இரண்டு ஊருக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார்கள். இந்த வாழ்க்கையை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

1854 டிசம்பர்

அந்தக் குடும்பத்தின் ஏழாவது தலைவர் ஹமகுச்சி கொர்யோ. 1820-இல் ஹிரோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே மூலக் குடும்பத்துக்குத் தத்துப்பிள்ளையாகப் போய், சோஷியில் தொழில் கற்றவர். 1852-இல், தம் உறவினர் உள்ளிட்ட வேறு இருவருடன் சேர்ந்து ஹிரோவில் இளைஞர்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். தாய்க்யு என்ற பெயர் தாங்கிய அந்தப் பள்ளியின் வழிவந்த நடுநிலைப்பள்ளி இன்றும் ஹிரோகாவாவில் நடக்கிறது.

1854 டிசம்பர் 23-ஆம் நாள் காலை முதல் நிலநடுக்கம் வந்தது. ஊர் மக்கள் மேட்டிலுள்ள ஹிரோ ஹச்சிமான் கோயிலுக்குப் போய் இரவைக் கழித்தார்கள். கடல் அமைதியானதும் மறுநாள் வீடு திரும்பினார்கள். 24-ஆம் நாள் மாலை நான்கு மணிக்கு, முந்தைய நாளைவிடக் கடுமையாக நிலம் குலுங்கியது. சிறிது நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. அன்று ஹிரோவில் இருந்த கொர்யோவையும் வெள்ளம் பிடித்துக்கொண்டது; தட்டுத்தடுமாறி மேட்டை அடைந்தார்.

பனிக்காலம், சீக்கிரம் இருட்டிவிட்டது. பலர் இன்னும் கீழே, திசை தெரியாமல் சிக்கியிருந்தார்கள். கொர்யோ சில இளைஞர்களைத் தீப்பந்தங்களோடு கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மரமும் உடைந்த வீடுகளும் வழியை அடைத்திருந்தன. மேலும் போக முடியவில்லை. அப்போது வயலோரத்தில் அடுக்கியிருந்த பத்துக்கும் மேற்பட்ட வைக்கோல் போர்களுக்குத் தீ வைக்கச் சொன்னார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திசையறிந்து பலர் கோயில் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு வந்த அலைதான் எல்லாவற்றிலும் பெரியது. எரிந்துகொண்டிருந்த போர்களையும் அது அடித்துக்கொண்டு போயிற்று. சுமார் 1,400 பேர் வாழ்ந்த கிராமத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்று கணக்கிடுகிறார்கள். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

அன்றைய ஜப்பானியச் சந்திர நாட்காட்டிப்படி அது பதினோராவது மாதத்தின் ஐந்தாம் நாள். அதனால்தான் நவம்பர் 5.

கதை பிடித்ததும் விட்டதும்

இந்த நிகழ்ச்சியை உலகுக்குச் சொன்னவர் லாஃப்காடியோ ஹேர்ன் என்ற எழுத்தாளர். ஜப்பானில் குடியேறி ஜப்பானியரானவர். 1896-இல் வடகிழக்கு ஜப்பானைச் சுனாமி தாக்கி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததையடுத்து, 1897-இல் வெளியான தம் நூலில் இதைக் கதையாக எழுதினார். அதைத் தழுவி யுவாசாவைச் சேர்ந்த நக்காய் ட்சுனெஸோ என்ற பள்ளி ஆசிரியர் சிறுவர்களுக்காக எழுதிய பாடம், 1937 முதல் 1947 வரை ஜப்பானியப் பள்ளிப் புத்தகத்தில் இருந்தது. 'இனமுரா நோ ஹி', அதாவது 'வைக்கோல் போர்த் தீ', என்பது பாடத்தின் தலைப்பு.

கதையில் வருபவர் மலைமேல் வசிக்கும் ஒரு முதியவர். கடல் பின்வாங்குவதைப் பார்த்து, அறுவடை செய்த நெல் முழுவதையும் கொளுத்துகிறார். தீயை அணைக்க ஊரே மேலே ஓடிவருகிறது, உயிர் தப்புகிறது. உண்மையில் கொர்யோவுக்கு அப்போது முப்பத்துநான்கு வயதுதான். வீடு இருந்ததும் கீழே, ஊருக்குள். தீ வைத்தது முதல் அலைக்குப் பிறகு, வழி காட்டுவதற்காக.

கதை அழகாக இருக்கிறது. குழந்தைகள் மனத்தில் நிற்கிறது. அது செய்திருக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதை தீயோடு முடிந்துவிடுகிறது. கொர்யோ செய்த பெரிய காரியம் தீ அணைந்த பிறகுதான் தொடங்கியது.

நான்கு ஆண்டு வேலை

அன்றிரவே பக்கத்துக் கிராமத்துக் களஞ்சியத்திலிருந்து அரிசியைக் கடனாக வாங்கிவந்து பசியாற்றினார். பிறகு தம் பணத்தில் வீடுகள் கட்டிக்கொடுத்தார். மீனவர்களுக்குப் படகும் வலையும், உழவர்களுக்குக் கருவிகளும் வாங்கித் தந்தார். இருந்தும், 'இனி இந்த ஊர் வேண்டாம்' என்று மக்கள் கிளம்பத் தொடங்கினார்கள். அடுத்த அலைக்கு யார் காத்திருப்பார்கள்?

அப்போது கொர்யோ, கடலோரத்தில் ஒரு பெரிய மண்கரை எழுப்ப முடிவு செய்தார். கரை வேலைக்கு ஊராரையே அமர்த்தி, அன்றாடம் கூலி கொடுத்தார். ஆண், பெண், முதியோர், சிறுவர் என்று யார் வந்தாலும் வேலை உண்டு. உழவும் மீன்பிடிப்பும் ஓய்ந்திருக்கும் நாட்களில் கரை வேலை நடந்தது. 1855 தொடக்கத்தில் ஆரம்பித்து 1858 இறுதியில் முடிந்தது. வேலைக்கு வந்தோர் கணக்கு மொத்தம் 56,736 ஆள்நாட்கள். செலவு 1,572 ரியோ என்னும் அக்காலப் பொன் நாணயங்கள். அந்தப் பணம் சோஷியில் சோயா சாஸ் விற்றுச் சம்பாதித்த பணம்.

கரையின் உயரம் 5 மீட்டர். அடியின் அகலம் 20 மீட்டர். நீளம் ஏறத்தாழ 600 மீட்டர். கடல் பக்கம் தேவதாரு வகை மரங்களை நட்டார். அலையோடு வரும் படகுகளையும் மரக்கட்டைகளையும் அவை தடுக்கும். ஊர்ப் பக்கம், மெழுகு எடுக்கப் பயன்படும் காய்களைத் தரும் மரங்களை நட்டார். அந்த வருமானம் கரையின் பராமரிப்புக்கு உதவும். கரைக்கு எடுத்துக்கொண்ட நிலமும் அதிக வரி விதிக்கப்பட்ட வயல். கரையின் அடியில் போனதால் உழவர்களுக்கு அந்த வரிச்சுமையும் நீங்கியது.

இதில் நான் வியப்பது பணத்தை மட்டுமல்ல. வீடிழந்தவனுக்குச் சும்மா கொடுத்தால் அவன் ஒரு மாதம் சாப்பிடுவான். கூலியாகக் கொடுத்தால் தலைநிமிர்ந்து சாப்பிடுவான். அந்த வேலையே அவன் பேரன் வீட்டையும் காக்கும் என்றால், அவன் ஊரை விட்டு ஏன் போகிறான்?

நன்றி மிகுதியால் ஊரார் கொர்யோவுக்குக் கோயில் கட்டப் புறப்பட்டார்கள். அவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். பின்னாளில் அரசு அஞ்சல் துறையின் தலைமைப் பொறுப்பிலும், வாகயாமா மாகாண சபையின் முதல் தலைவராகவும் இருந்தார். வெளிநாடு பார்க்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையில் 1884-இல் அமெரிக்கா சென்றவர், 1885-இல் நியூயார்க்கில் காலமானார். தாம் கட்டிய கரை கடலைத் தடுத்து நின்றதை அவர் பார்க்கவில்லை.

எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து

1946 டிசம்பர் 21-ஆம் நாள் விடியற்காலை, மீண்டும் நன்கைப் பள்ளத்தில் நிலநடுக்கம். அரை மணி நேரத்தில் சுமார் 4 மீட்டர் உயர அலை ஹிரோவுக்கு வந்தது. கரை தாங்கியது. அதன் பின்னாலிருந்த ஊரின் பெரும்பகுதி தப்பியது.

முழுவதும் தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கரை முடிந்த இடத்துக்குத் தெற்கே, பிற்காலத்தில் எழுந்த கட்டடங்களும் குடியிருப்புகளும் இருந்த தாழ்நிலத்தில் தண்ணீர் புகுந்து உயிர்கள் போயின. முன்னோர் ஓர் எல்லை வரைதான் காக்க முடியும். ஊர் வளர்ந்தால் காவலும் வளர வேண்டும்.

ஹிரோகாவா இன்று

மலைச் சரிவுகளில் படிக்கட்டு போல ஆரஞ்சுத் தோட்டங்கள். கையால் உரித்துத் தின்னும் மெல்லிய தோல் கொண்ட 'மிகான்' இந்த வட்டாரத்தின் முதன்மைப் பயிர். தெற்கிலிருந்து வரும் குரோஷியோ என்னும் வெந்நீரோட்டத்தால் குளிர் கடுமையாக இருப்பதில்லை. சரிவில் நீரும் தேங்காது. ஆரஞ்சுக்கு ஏற்ற நிலம். கடலில் 'ஷிராசு' எனப்படும் பொடிமீன் கிடைக்கிறது. வேகவைத்து உலர்த்திச் சோற்றின் மேல் தூவிச் சாப்பிடுகிறார்கள். நெத்திலிக் கருவாடு பழகிய நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. மலை முகடுகளில் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆற்றின் மேல்பகுதி மின்மினிப் பூச்சிகளுக்குப் பேர்போனது.

ஆனால் இளைஞர்கள் ஒசாகாவுக்கும் மற்ற நகரங்களுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மக்கள்தொகை குறைந்துவருகிறது; முதியோர் விகிதம் கூடுகிறது. கரை கடலைத் தடுத்தது. பிழைப்புத் தேடிப் போகிறவர்களைத் தடுக்க எந்தக் கரையாலும் ஆகாது.

2007-இல் ஹமகுச்சி குடும்பத்தின் பழைய வீட்டையும் சேர்த்து ஒரு நினைவகமும் சுனாமிக் கல்வி நிலையமும் திறக்கப்பட்டன. 2011-இல் வந்த புதிய பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்றில் கொர்யோவின் வரலாறு மீண்டும் இடம்பெற்றது. இம்முறை கரை கட்டிய பகுதியும் சேர்ந்தே வந்தது. அதே ஆண்டு மார்ச் 11-ஆம் நாள்தான் வடகிழக்கு ஜப்பானைப் பெரும் சுனாமி தாக்கியது. 2015 டிசம்பரில், ஜப்பான் உள்ளிட்ட 142 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்ததன் பேரில், ஐ.நா. சபை நவம்பர் 5-ஐ உலக நாளாக அறிவித்தது.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றியது வேறொன்று. 1903 முதல் இந்த ஊரில் சுனாமி விழா என்று ஒன்று நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மண்ணை எடுத்துவந்து கரையின் மேல் போடுகிறார்கள். ஒரு பிடி மண்ணால் கரை எவ்வளவு உயர்ந்துவிடும்? ஆனால் அந்தக் கை பெரிதாகும்போது, எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை மறக்காது. அடுத்த பெரிய அலை இந்தக் கரையைத் தாண்டிவிடக்கூடும் என்று இன்றைய அறிவியலாளர்களே கணித்திருக்கிறார்கள். கரையை நம்பி வீட்டில் இருந்துவிடாதே, நிலம் குலுங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதும் அங்கே சொல்லித்தரப்படும் பாடம்.

நமக்கும் ஒரு சொல்

'ட்சு' என்றால் துறைமுகம். 'நமி' என்றால் அலை. இந்த ஜப்பானியச் சொல் 2004 டிசம்பர் 26-க்கு முன் நம் வீடுகளில் வழங்கியதில்லை. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். 'ஆழிப்பேரலை' என்று தமிழில் நல்ல பெயர் வைத்தோம். ஆனாலும் சுனாமி என்ற சொல்லே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

என் சொந்த ஊர் அந்த மாவட்டம்தான். அலை அடித்த இரண்டு வாரத்தில் நான் அங்கே போனபோது, பல ஊர்களிலிருந்தும் லாரியில் வந்த பழந்துணிகள் சாலையோரம் குவிந்து, மழையிலும் புழுதியிலும் கிடந்தன. அனுப்பியவர்கள் எல்லாரும் நல்ல மனத்தோடுதான் அனுப்பியிருப்பார்கள். எனக்கு மாமா முறையாகும் மீனவர் ஒருவர் அந்தக் குவியலைக் காட்டி, "துணி போதும் தம்பி, வலை பின்ன நூல் கிடைக்குமான்னு பாரு" என்றார். ஹிரோவின் கரை மேல் நடந்தபோது அவர் சொன்னதுதான் என் காதில் ஒலித்தது. கொர்யோ அந்த மாமாவைக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாரோ என்றுகூடத் தோன்றியது.

நம்மில் யாரும் கொர்யோ அளவுக்குச் செல்வர் இல்லை. தனியாக ஒரு கரை கட்ட நம்மால் ஆகாது. ஆனால் ஊரை விட்டு வந்தவனுக்கு ஒரு வசதி உண்டு: ஊரில் அலை அடிக்கும் நாளில் அவன் கையில் பணம் நனையாமல் இருக்கும். அதை எதற்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கூரை, தூர்ந்துபோன குளம், கடலோரத்தில் நட வேண்டிய பனையும் சவுக்கும், படகு இழந்தவனுக்கு ஒரு பங்கு வலை என எவ்வளவோ இருக்கிறது. ஊராரைக் கேட்டு, ஊரார் கையாலேயே, அவர்களுக்குக் கூலியும் கிடைக்கும்படி செய்தால், அது எவ்வளவு சிறிதானாலும் நிற்கும்.

விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊர் போகும் அன்பர்கள், கோயிலையும் உறவினர் வீட்டையும் காட்டுவதோடு, ஊரின் மேடு எது, பள்ளம் எது, வெள்ளம் எதுவரை வந்தது என்பதையும் காட்டிவிட்டு வாருங்கள். கடலோர ஊரானால் அதை மறக்கவே வேண்டாம்.